302 நரம்பணுக்களோடு ஒரு கல்லூரி ஆண்டு

2024 செப்டம்பர் 5, வியாழன்

செமஸ்டர் தொடங்கி இரண்டாவது வாரம். ஒஹாயோவில் வெயில் இன்னும் இறங்கவில்லை. எங்கள் கல்லூரி சின்னது, நரம்பியல் துறை அதைவிடச் சின்னது. முனைவர் படிப்பு இங்கே கிடையாது, இருப்பதெல்லாம் இளங்கலைப் பிள்ளைகள்தான். ஆய்வகப் பொறுப்பு என்னுடையது. துறைத்தலைவர் இன்று காலை வழக்கம்போல மாணவர் சாதனைப் பட்டியலைத் தயார் செய்யச் சொன்னார். யார் எந்த மாநாட்டுக்குப் போனார்கள், யாருக்கு எந்த விருது, யாருக்கு எங்கே மேற்படிப்பு இடம் என்று ஆளுக்கு ஒரு வரி. எழுதிக் கொடுப்பேன். ஆனால் அந்த ஒரு வரிக்குப் பின்னால் நடப்பதை நான்தானே பக்கத்தில் இருந்து பார்க்கிறேன், அதை இங்கே எழுதி வைக்கப் போகிறேன். பிள்ளைகளின் பெயர் மட்டும் வராது.

முதலில் புழுப் பெண். நான்காம் ஆண்டு. சி. எலிகன்ஸ் என்கிற புழுவில் வேலை செய்கிறாள். ஒரு மில்லிமீட்டர் நீளம், உடம்பு கண்ணாடி மாதிரி, மொத்தம் 302 நரம்பணுக்கள். இதற்கு வெண்ணெய் வாசனை பிடிக்கும், அதாவது வெண்ணெய்க்கு மணம் தரும் டைஅசெட்டைல் என்கிற பொருள். தட்டின் ஒரு பக்கம் அதில் ஒரு சொட்டு, எதிர்ப்பக்கம் வெறும் எத்தனால் ஒரு சொட்டு, நடுவில் புழுக்களை விட்டால் ஒரு மணி நேரத்தில் பெரும்பாலானவை வெண்ணெய்ப் பக்கம் போய்ச் சேர்ந்திருக்கும். போனவை திரும்பி வராமல் இருக்க இரண்டு பக்கமும் சோடியம் அசைட் துளி வைப்போம், அங்கே வந்ததும் அசையாமல் நின்றுவிடும். அப்புறம் எண்ண வேண்டியதுதான். வாசனைப் பக்கம் உள்ளதிலிருந்து எதிர்ப்பக்கம் உள்ளதைக் கழித்து மொத்தத்தால் வகுத்தால் ஒன்றுக்கும் கழித்தல் ஒன்றுக்கும் நடுவில் ஓர் எண் கிடைக்கும்.

புழுவைப் பட்டினி போட்டு அந்த வாசனையை மட்டும் காட்டினால் அதன் ஆசை குறைந்துவிடும். இந்த வாசனை வந்தால் சாப்பாடு வராது என்று கற்றுக்கொள்கிறது. ஒரே தடவை பழக்குவதைவிட இடைவெளி விட்டு மூன்று தடவை பழக்கினால் மறுநாள் வரை நினைவு நிற்குமா என்பது இவளுடைய கேள்வி. நிற்கிறது என்று கோடையில் முடிவு வந்தது. அதை எழுதி அனுப்பி, அக்டோபரில் சிகாகோவில் நடக்கும் நரம்பியல் சங்க மாநாட்டில் ஆய்வை விளக்கும் போஸ்டர் வைக்க இடமும் கிடைத்துவிட்டது. இருபதாயிரம் பேருக்கு மேல் கூடும் இடம் அது. இளங்கலை மாணவிக்குப் பெரிய விஷயம்.

2024 செப்டம்பர் 19, வியாழன்

இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு ஆட்டு மூளை அறுவை வகுப்பு. செம்மறி ஆட்டு மூளை, பதப்படுத்தி வாளியில் வரும். நெடி தலைவலி கொடுக்கும். பதினெட்டுப் பேரில் ஒரு பையன் மட்டும் வாசலிலேயே நின்றான். அவனை வற்புறுத்தவில்லை. பத்து நிமிடம் கழித்துத் தானாகவே வந்து கையுறை போட்டுக்கொண்டான்.

டியூரா என்கிற தடித்த வெளிச்சவ்வைக் கத்தரித்து எடுத்தபின், உள்ளே மூளையோடு ஒட்டியிருக்கும் மெல்லிய சவ்வைச் சிறு இடுக்கியால் உரிக்க வேண்டும். ரத்தக்குழாய்கள் சிவப்பு நூலாக அதோடு சேர்ந்து வரும். இதைக் காட்டும்போதெல்லாம் அம்மா ஞாபகம்தான். மதுரையில் ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் மூளை வாங்கி வந்தால், அம்மா குழாயடியில் உட்கார்ந்து தண்ணீரை மெல்ல விட்டு, அதே சவ்வை, அதே சிவப்பு நூல்களை, ஒரு மடிப்புகூடச் சிதையாமல் விரல் நுனியால் உரித்து எடுப்பாள். கடையில் மண்டை ஓட்டை உடைக்கும்போதே டியூரா போய்விடும், வீட்டுக்கு வருவது அரக்னாய்டு, பயா என்கிற உள்சவ்வுகள் மட்டும்தான் என்று எனக்குத் தெரிய வந்தது இருபது வருடம் கழித்து. ராத்திரி போன் செய்து அம்மாவிடம் சொன்னேன். "ஏண்டி, அதுக்குப் பேரெல்லாமா வச்சிருக்காங்க? உரிக்காட்டி மிளகு உள்ள இறங்காது, அவ்வளவுதான்" என்றாள்.

வாசனையை உணரும் பகுதியான முகர்வுக் குமிழைக் கண்டுபிடிக்க ஒருவரும் சிரமப்படவில்லை. ஆட்டுக்கு அது அவ்வளவு பெரிது, மூளையின் அடியில் முன்பக்கம் இரண்டு கரண்டி கவிழ்த்து வைத்தாற்போல இருக்கும். வாசலில் நின்ற பையன்தான் கேட்டான், மனிதனுக்கு ஏன் இவ்வளவு சிறிதாக இருக்கிறது என்று. நல்ல கேள்வி. மீதி வகுப்பு முழுக்க அதிலேயே போயிற்று.

2024 செப்டம்பர் 26, வியாழன்

இன்று நடந்ததை முழுதாக எழுத வேண்டும்.

போஸ்டரை அச்சுக்குக் கொடுக்கும் முன் சோதனையை இன்னொரு முறை செய்து பார்க்கிறேன் என்று புழுப் பெண் போன வாரமே சொல்லியிருந்தாள். இந்த முறை தட்டுகளின் அடியில் எந்தக் குழு என்று அவள் எழுதவில்லை. அறைத்தோழி ஒருத்தியைக் கூட்டிவந்து எண்கள் மட்டும் போடச் சொன்னாள். எது எந்த எண் என்ற குறிப்பை உறையில் போட்டு ஒட்டி என்னிடம் கொடுத்தாள். யாரும் அவளை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. பாடத்தில் படித்ததுதான், ஆனால் கோடையில் தனியாக வேலை செய்தபோது அதற்கு ஆள் இல்லை.

மூன்று நாள் எண்ணினாள். இன்று மாலை நான்கு மணிக்கு உறையைப் பிரித்தோம். கோடையில் இரண்டு குழுவுக்கும் இடையே தெளிவாகத் தெரிந்த வித்தியாசம் பாதிக்கும் கீழே சுருங்கிவிட்டது. இது நினைவினால் வந்ததா தற்செயலா என்று சொல்ல முடியாத அளவு.

அவள் அழவில்லை. ஒரு தட்டை எடுத்து நுண்ணோக்கியில் வைத்து என்னைக் கூப்பிட்டாள். எண்ணுவதற்காகச் சொட்டைச் சுற்றிப் போட்ட வட்டக் கோட்டின் மேலேயே ஒரு புழு படுத்திருந்தது, தலை உள்ளே, வால் வெளியே. பக்கத்தில் இன்னொன்று, அதன் தலை வெளியே. "கோடையில் இந்த மாதிரிப் புழுவையெல்லாம் எந்தப் பக்கம் சேர்த்தேன் என்று எனக்கே தெரியவில்லை. எது எந்தத் தட்டு என்று தெரிந்துகொண்டு எண்ணினேனே" என்றாள். ஒரு தட்டில் கோட்டின் மேல் ஏழெட்டு புழு இருந்தால் போதும், முடிவு சாய்ந்துவிடும். அவள் பொய் சொல்லவில்லை. கை தானாக, விரும்பிய பக்கம் எண்ணியிருக்கிறது. எனக்கும் நடந்திருக்கிறது, பெரிய பெரிய ஆய்வகங்களிலும் நடக்கிறது.

போஸ்டரில் என்ன போடுவது? மாநாட்டுக்கான ஆய்வுச் சுருக்கம் கோடையிலேயே போய்விட்டது, அதை மாற்ற முடியாது. அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் வந்து அரை மணி நேரம் பேசினார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போடு, கோடையில் எண்ணியது இது, எந்தக் குழு என்று தெரியாமல் எண்ணியது இது என்று தலைப்பு வை, கேட்பவர்களுக்கு நீயே சொல் என்றார். சரி என்றாள். பிறகு ஆய்வகத்தைக் கூட்டிப் பெருக்கிவிட்டுத்தான் போனாள், அவள் முறை இல்லாவிட்டாலும்.

2024 அக்டோபர் 2, புதன்

பழ ஈ மூளையின் முழு இணைப்பு வரைபடம் இன்று நேச்சர் இதழில் வந்துவிட்டது. வளர்ந்த ஈயின் மூளை, 1,39,255 நரம்பணுக்கள், அவை ஒன்றோடொன்று இணையும் சினாப்ஸ்கள் 5 கோடிக்கு மேல். பிரின்ஸ்டனில் மாலா மூர்த்தியும் செபாஸ்டியன் சியூங்கும் முன்னின்று நடத்திய கூட்டு வேலை. கணினி போட்ட கோடுகளை உலகம் முழுக்க ஆட்கள் உட்கார்ந்து திருத்தியிருக்கிறார்கள், அதில் விஞ்ஞானிகள் அல்லாத தன்னார்வலர்களும் உண்டு. மதிய உணவுக் கூட்டத்தில் பிள்ளைகள் படத்தைத் திரையில் போட்டுச் சுழற்றிச் சுழற்றிப் பார்த்தார்கள்.

புழுவின் வரைபடம் 1986-இலேயே வந்துவிட்டதே என்று புழுப் பெண் விட்டுக்கொடுக்காமல் சொன்னாள். உண்மைதான். எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களில் ஒவ்வொரு இழையாகக் கையால் தொடர்ந்து போய் வரைந்தது அது. 302-இலிருந்து இங்கே வந்து சேர 38 வருடம். மனித மூளையில் சுமார் 8,600 கோடி என்று நான் சொன்னதும் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

2024 அக்டோபர் 5, சனி

வேனில் சிகாகோ. ஆறு பிள்ளைகள், இரண்டு பெரியவர்கள், போஸ்டர் குழல்கள் மூன்று. இந்தியானா தாண்டும்போது கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போனது, பிள்ளைகளுக்கு அதில் ஒரு சந்தோஷம். மாநாடு நடக்கும் மெக்கார்மிக் பிளேஸ் ஏரிக்கரையில் ஒரு ஊர் மாதிரி விரிந்து கிடக்கிறது. போஸ்டர் அரங்கில் வரிசை வரிசையாக நடந்தோம், முடிவே தெரியவில்லை. முதலாம் ஆண்டுப் பையன் ஒருவன் தன் பாடப்புத்தகத்தில் பெயர் படித்த ஒருவரை நேரில் பார்த்துவிட்டு ஓடிவந்து சொன்னான். அவரிடம் பேசினாயா என்றேன், இல்லை என்றான். திரும்ப அனுப்பி வைத்தேன்.

2024 அக்டோபர் 7, திங்கள்

காலை ஐந்து மணிக்குப் புழுப் பெண் கதவைத் தட்டினாள். நோபல் அறிவித்துவிட்டார்கள், புழு, புழு என்றாள்.

மருத்துவ நோபல் விக்டர் ஆம்புரோஸ், கேரி ரவ்குன் இருவருக்கும். மரபணுக்களின் வேலையைக் கட்டுப்படுத்தும் மைக்ரோ ஆர்என்ஏ என்கிற சின்ன மூலக்கூறுகளின் கண்டுபிடிப்புக்கு. சி. எலிகன்ஸில், லின்-4 என்கிற மரபணுவில். 1993-இல் வெளிவந்தபோது இது புழுவின் விசித்திரம் என்றுதான் பலர் நினைத்தார்கள். 2000-இல் லெட்-7 என்கிற இன்னொரு மைக்ரோ ஆர்என்ஏ வந்தது, அது மனிதர் உட்படப் பல விலங்குகளிலும் இருக்கிறது என்று தெரிந்தது, அதன் பிறகுதான் கூட்டம் திரும்பிப் பார்த்தது. 2002, 2006, 2008, இப்போது 2024 என்று இந்தப் புழுவின் வழியாக வந்த நோபல் நான்காகிவிட்டது. அரங்கில் புழுக்காரர்கள் முன்பின் தெரியாதவர்களோடு கைகுலுக்கிக்கொண்டிருந்தார்கள்.

மதியம் அவள் முறை. சுருட்டைவிட்டு நிமிராத போஸ்டரின் மூலையை ஊசியால் குத்தி நிறுத்தினாள். முதல் கால் மணி நேரம் ஒருவரும் நிற்கவில்லை. அப்புறம் வயதான அம்மா ஒருவர் வந்து இரண்டு வரைபடங்களையும் மாறி மாறிப் பார்த்தார். "இது ஏன் இரண்டு?" என்று கேட்டார். இவள் கோட்டின் மேல் படுத்த புழுக்களைப் பற்றிச் சொன்னாள், குரல் கொஞ்சம் நடுங்கியது. அவர் முழுதும் கேட்டுவிட்டுத் தன் மாணவர்கள் இருவரைக் கைகாட்டிக் கூப்பிட்டு, இதைப் பாருங்கள் என்றார். பிறகு வந்து நின்ற கூட்டத்தில் ஒருவர் தட்டைப் படம் எடுத்து எண்ணும் முறையைச் சொன்னார், இன்னொருவர் எத்தனை தட்டு போட்டால் இந்தச் சின்ன வித்தியாசம் உண்மையா என்று தெரியும் என்று அங்கேயே கணக்குப் போட்டுக் கொடுத்தார். அந்தத் தாளை அவள் மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

நான் தூணுக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கண் கலங்கிவிட்டது.

2024 அக்டோபர் 8, செவ்வாய்

கிளம்பும் நாள். இன்று இயற்பியல் நோபல் ஜான் ஹாப்ஃபீல்டுக்கும் ஜெஃப்ரி ஹிண்டனுக்கும். நினைவு எப்படி ஒரு வலையமைப்பில் தங்கும் என்று 1982-இல் ஹாப்ஃபீல்டு எழுதியதை, கணினியும் நரம்பியலும் சேர்த்துப் படிக்கும் பையன் வேனில் மூன்று மணி நேரம் விளக்கிக்கொண்டே வந்தான். பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். நான் கேட்டேன், நன்றாகவே விளக்கினான்.

2024 நவம்பர் 21, வியாழன்

பரிந்துரைக் கடிதக் காலம். ஐந்து பேர் முனைவர் படிப்புக்கு விண்ணப்பிக்கிறார்கள், இரண்டு பேர் மருத்துவத்துக்கு. ஒருத்தி எதற்கும் விண்ணப்பிக்கவில்லை, பள்ளி ஆசிரியராகப் போகிறாள். பட்டியலில் அதையும் ஒரு வரியாகப் போட்டுவிட்டேன்.

2025 மார்ச் 15, சனி

மூளை விழிப்புணர்வு வாரம். டானா அறக்கட்டளை 1996-இல் தொடங்கிய ஏற்பாடு, இப்போது உலகம் முழுக்க மார்ச்சில் நடக்கிறது. நாங்கள் ஊர் நூலகத்தில் மேசை போட்டோம்.

கரப்பான் பூச்சி மேசையில்தான் கூட்டம். பூச்சியை ஐஸ் தண்ணீரில் போட்டு மயக்கி, ஒரு காலை மட்டும் எடுத்து, இரண்டு ஊசி குத்திச் சின்னப் பெட்டியில் இணைத்தால், காலில் இருக்கும் முடியைத் தொடும்போதெல்லாம் நரம்பின் சத்தம் ஒலிபெருக்கியில் பொரி பொரிவது போலக் கேட்கும். இளம் பூச்சிக்குக் கால் மீண்டும் வளரும். முதல் வகுப்புக் குழந்தை ஒன்று பூச்சிக்கு வலிக்குமா என்று கேட்டது. எங்கள் மூன்றாம் ஆண்டுப் பையன் முட்டி போட்டு அதன் உயரத்துக்கு இறங்கி, பூச்சிக்கு வலி எப்படி என்று விஞ்ஞானிகளே இன்னும் விவாதிக்கிறார்கள், அதனால்தான் முதலில் மயக்குகிறோம் என்று பொறுமையாகச் சொன்னான். நானாக இருந்தால் வலிக்காது என்று சொல்லி நகர்ந்திருப்பேன்.

பட்டகக் கண்ணாடி மேசையில் ஒரு தாத்தா. கண்ணாடி எல்லாவற்றையும் ஒரு பக்கமாகத் தள்ளிக் காட்டும், பீன்ஸ் பையை எறிந்தால் குறி தவறும், கொஞ்ச நேரத்தில் சிறுமூளை பழகிக்கொண்டு கை சரியாகிவிடும். கண்ணாடியைக் கழற்றினால் எதிர்ப்பக்கம் தவறும். அவர் கழற்றிவிட்டு எறிந்தது நேராக நூலகரின் மேசைக்குப் போனது. அங்கிருந்த எல்லாருக்கும் சிரிப்பு.

2025 ஏப்ரல் 24, வியாழன்

நியூ ரோ சை சேர்ப்பு விழா. நரம்பியல் மாணவர்களுக்கான தேசிய கௌரவச் சங்கம், 2006-இல் தொடங்கியது. இந்த வருடம் எங்களிடமிருந்து ஒன்பது பேர். புழுப் பெண்ணும் ஒருத்தி. அவளுக்கு முனைவர் படிப்புக்கு இடம் கிடைத்துவிட்டது, நேர்காணலில் சிகாகோ போஸ்டரைப் பற்றித்தான் அதிகம் கேட்டார்களாம்.

பட்டியலில் அவள் பெயருக்கு நேரே மாநாடு, சங்கம், மேற்படிப்பு என்று மூன்றும் வந்துவிட்டன. உறையை நான் இன்னும் வைத்திருக்கிறேன்.

விழா முடிந்து ஆய்வகத்துக்குப் போனால் விளக்கு எரிந்தது. செப்டம்பரில் வாசலில் நின்ற அந்த இரண்டாம் ஆண்டுப் பையன். அவள் வேலையை இவன்தான் எடுத்துக்கொண்டிருக்கிறான், சிகாகோவில் போட்டுக் கொடுத்த கணக்குப்படி அத்தனை தட்டுகளும். அவள் விழாப் புடைவை மாதிரி நீளமான கவுனோடே பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்து, பிளாட்டினம் கம்பியால் புழுவை வயிற்றில் அழுத்தாமல் அடியிலிருந்து ஏந்தி எடுப்பது எப்படி என்று காட்டிக்கொண்டிருந்தாள். தட்டுகளின் அடியில் பார்த்தேன். எண்கள் மட்டும்தான்.