அலமாரியில் அடுக்கிய படகுகள்

ஃப்ளோரிடாவில் வேலை பார்க்கும் என் மைத்துனர் நேற்றிரவு காணொளி அழைப்பில் ஒரு படகுக் கிடங்கைச் சுற்றிக் காட்டினார். நம் ஊர் நெல் குடோனைவிடப் பல மடங்கு உயரமான அந்தக் கொட்டகைக்குள், இரும்புச் சட்டங்களால் ஆன அலமாரியில், நான்கு அடுக்குகளாகப் படகுகள் வரிசையாக நின்றன. உரிமையாளர் முன்கூட்டியே தகவல் சொன்னால், ராட்சத ஃபோர்க்லிஃப்ட் (பாரம் தூக்கும் வண்டி) படகைத் தூக்கிக் கரையோரம் கொண்டு வருகிறது. அதன் கைகள் தரைமட்டத்துக்கும் கீழே தாழ்ந்து, படகைத் தண்ணீரில் மெல்ல மிதக்கவிட்டுத் திரும்பிய காட்சியை மட்டும் இரண்டு முறை காட்டச் சொன்னேன்.

தண்ணீரிலேயே கிடக்கும் படகின் அடியில் சிப்பியும் பாசியும் ஒட்டி வேகத்தைக் குறைத்து எரிபொருளைத் தின்னும். வெயிலில் கிடந்தாலோ பைபரின் மேற்பூச்சு வெளுத்துப் பொடியாக உதிரும். கிடங்கில் இவ்விரண்டும் இல்லை. திரும்பி வரும் படகின் எஞ்சினில் நன்னீர் ஓட்டி உப்பைக் கழுவி, அடித்தக்கையைப் பிடுங்கி நீரை வடித்த பிறகே மேலே ஏற்றுகிறார்கள். உயர்ந்த மரமும் ஆழமான அடிக்கட்டையும் உள்ள பாய்மரப் படகுகளுக்கு மட்டும் இந்த ஏற்பாடு ஒத்துவராது.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தபோது எங்கள் கடலூரில் கரையில் கிடந்த படகுகள் பட்ட பாட்டை நினைத்துக்கொண்டேன். ஆனால் புயற்காற்றுக்குத் தாங்கும்படி கட்டாத கொட்டகை சரிந்தால், உள்ளிருக்கும் அத்தனை படகுகளும் சேர்ந்தே நொறுங்கும். இன்று காலை தேவனாம்பட்டினத்தில் பைபர் படகு வைத்திருக்கும் பெரியவரிடம் இதைச் சொன்னபோது, அவர் வலையைப் பிரித்தபடியே, "அதெல்லாம் சரி தம்பி, விடியக்காலம் மூணு மணிக்கு அந்த வண்டிக்காரன் எழுந்து வருவானா?" என்று கேட்டார்.