ஐடி பார்க் கேட்: உள்ளே போவது சுலபம், லேப்டாப்போடு வெளியே வருவதுதான் வேலை

காலை ஒன்பதரைக்கு சென்னை ஓஎம்ஆர் (பழைய மகாபலிபுரம் சாலை) ஐடி பார்க் வாசலில் வரிசை நகரவில்லை என்றால் முன்னால் யாரோ டிபன் கேரியரைப் பிரித்துக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். எக்ஸ்ரே திரையில் சாப்பாடு, துணி, பேப்பர் எல்லாம் ஆரஞ்சாகவும் உலோகம் நீலமாகவும் விழும். எவர்சில்வர் நாலடுக்கு விழுவது கருநீலக் கட்டியாக. உள்ளே இருப்பது சாம்பாரா வேறெதுவுமா என்று செக்யூரிட்டி அண்ணனுக்கு எப்படித் தெரியும்? சார்ஜர், பவர்பேங்க், குடை ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தாலும் அதே கதி. கேரியரைத் தனியாக ட்ரேயில் வைத்துவிடுங்கள்.

வெண்டராகவோ விசிட்டராகவோ லேப்டாப் கொண்டுபோகிறவர்களுக்குத்தான் உண்மையான சிக்கல். நுழையும்போது கம்பெனி, மாடல், சீரியல் நம்பர் எழுதிச் சீட்டு தருவார்கள். மாலையில் லேப்டாப்பைக் கவிழ்த்து அதே நம்பரைத் தேடுவார்கள். சீரியல் நம்பருக்குப் பதில் ஆபீஸ் ஒட்டிய அசெட் நம்பரை எழுதிவிடுவதுதான் வழக்கமான தப்பு. டெல் என்றால் சர்வீஸ் டேக் எனப்படும் ஏழு எழுத்தை எழுதவேண்டும். 8-ம் பி-யும், 5-ம் எஸ்-ஸும் பொடி எழுத்தில் ஒன்றுபோலவே இருக்கும். ஸ்டிக்கர் அழிந்திருந்தால் லேப்டாப்பை ஆன் பண்ணும்போது திறக்கக்கூடிய பயாஸ் என்ற அமைப்புத் திரையில் பார்க்கலாம், சார்ஜ் இருந்தால். வீட்டிலேயே படம் எடுத்து வைப்பது உத்தமம். பல இடங்களில் கேட்டிலேயே போன் கேமராவில் ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார்கள்.

கட்டடம் சிறப்புப் பொருளாதார மண்டலத்தில் இருந்தால் கெடுபிடி கூடும். 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது சுங்க எல்லைக்கு வெளியே உள்ள இடமாக, கிட்டத்தட்ட வெளிநாடு மாதிரி, கருதப்படுகிறது. அதனால் அங்கிருந்து வெளியேறும் ஒரு மானிட்டருக்கும் கணக்கு வேண்டும். இதில் செக்யூரிட்டியோடு மல்லுக்கட்டிப் பயனில்லை.

ரிப்பேருக்குப் போகும் பொருளுக்கு ரிட்டர்னபிள் கேட் பாஸ் (வெளியே கொண்டுபோக அனுமதிச் சீட்டு) வேண்டும், திரும்பி வரும் தேதியோடு. நான்-ரிட்டர்னபிளில் போட்டுவிட்டால் திரும்பக் கொண்டுவரும்போது புதுப் பொருளாகக் கணக்குக் காட்டவேண்டி வரும். கையெழுத்துப் போடும் அதிகாரமுள்ளவர்களின் மாதிரிக் கையெழுத்து கேட்டில் இருக்கும். டீம் லீட் போட்டது செல்லாது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்த அதிகாரமுள்ள மேலாளர் கிளம்பிவிட்டால் பொருள் திங்கள்வரை உள்ளேதான். மதியத்துக்குள் பாஸை வாங்கிவிடுங்கள்.

நுழைவு கார்டு சரியாக இருந்தும் கேட்டில் சிவப்பு விளக்கு எரிகிறதா? நேற்று யார் பின்னாலாவது ஸ்வைப் பண்ணாமல் வெளியேறியிருப்பீர்கள். சிஸ்டம் கணக்கில் நீங்கள் இன்னும் உள்ளேதான் இருக்கிறீர்கள். உள்ளே இருப்பவரை மறுபடி உள்ளே விடாது. எத்தனை தடவை தேய்த்தாலும் திறக்காது. ரிசப்ஷனில் சொல்லி ரீசெட் பண்ணச் சொல்லுங்கள்.