பல்கனியில் பனித்துகள் பிடித்த கதை

ரொறன்ரோவுக்கு வந்து இது எனக்கு ஆறாவது குளிர்காலம். முதல் ஐந்தையும் யன்னலுக்கு உள்ளேயிருந்து திட்டியே கழித்தேன். இந்த முறை, விழுகிற பனியைப் படமெடுத்துப் பார்ப்போமே என்று போனில் கொளுவுகிற மக்ரோ லென்ஸ் ஒன்று வாங்கினேன்.

முதல் நாள் படுதோல்வி. அலுமாரியில் கிடந்த கறுப்புக் கம்பளித் துணியை அப்படியே கொண்டுபோய் நீட்ட, விழுந்ததெல்லாம் தண்ணீர்ப் பொட்டாயிற்று. துணியில் வீட்டுச் சூடு! அடுத்த முறை அரை மணி நேரம் முன்னதாகவே அதை வெளியே வைத்தேன். துகள் தங்கியது. ஆசையாகக் குனிந்தேன், மூச்சுப் பட்டு அதுவும் போயிற்று. இப்போது சால்வையை மூக்கு மறையக் கட்டிக்கொண்டுதான் குனிகிறேன்.

மூன்றாம் நாள் கிடைத்தவை சின்னச் சின்ன வெள்ளை உருண்டைகள். அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு அம்மா, "என்னடா, சவ்வரிசி காயப் போட்டிருக்கிறியோ?" என்றார்.

அப்புறம்தான் கொஞ்சம் படித்தேன். மேகத்துக்குள் மைனஸ் 5 பாகை அளவில் ஊசிகள் உருவாகுமாம். மைனஸ் 15க்குக் கிட்ட, ஈரப்பதமும் நிறைய இருந்தால், கிளை விட்ட நட்சத்திரங்கள். 1936இல் ஜப்பானியர் உகிச்சிரோ நக்காயா முயல் மயிர் நுனியில் பனித்துகளை வளர்த்தே இதை ஆராய்ந்திருக்கிறார். மேகத்தின் குளிர்தான் கணக்கு; நானோ பல்கனி வெப்பமானியைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

போன செவ்வாய் இரவு காற்றே இல்லை. புதுப்பனி சத்தத்தை உறிஞ்சிவிடும் என்பார்கள். எந்நேரமும் இரைகிற 401 நெடுஞ்சாலை அன்று எங்கேயோ தூரத்தில் கேட்டது. பத்து மணியளவில் துணியில் ஒன்று வந்து இருந்தது. உளுந்தளவுதான். லென்ஸுக்குள் பார்த்தால் ஆறு கைகள், ஒவ்வொன்றும் பன்னத்தின் ஓலை போலக் கிளை விட்டிருந்தது. ஆறும் ஒரே மேகத்தின் குளிரையும் ஈரத்தையும் ஒன்றாகத் தாண்டி வந்தவை, அதனால்தான் அந்தச் சாயல். ஒரு கை மட்டும் நுனி முறிந்திருந்தது. எனக்கு அந்த முறிவும் பிடித்திருந்தது.

நாலு படம் எடுப்பதற்குள் 40 வீதம் காட்டிய பற்றறி குளிரில் அணைந்துவிட்டது. உள்ளே வர மனமில்லை. போன் இல்லாமலே இன்னும் கொஞ்ச நேரம் நின்றேன்.

நாலில் ஒன்றுதான் தெளிவு. ஞாயிறு இரவு மறுபடியும் கொட்டுமாம். துணியை இப்போதே வெளியே போட்டாயிற்று.