விஆர் நோயாளிக்கு ஜடை கிடையாது

பி.எஸ்சி. ரேடியோகிராபி, அதாவது எக்ஸ்ரே எடுக்கும் படிப்பு, இரண்டாம் வருடத்தில் எங்கள் கல்லூரிக்கு விஆர் (வர்ச்சுவல் ரியாலிட்டி) லேப் வந்தது. நாலு ஹெட்செட், நாற்பது பேர். ஒருத்தி மாட்டிக்கொண்டு காற்றில் கையைத் துழாவ, மற்றவர்கள் டிவியில் பார்த்துச் சிரிப்போம். உச்சிக் கொண்டை போட்டிருந்தால் பட்டை உட்காராது. முதல் நாள் பத்தே நிமிடத்தில் தலை சுற்றி, மத்தியானம் சாப்பிட்டது வெளியே வரப் பார்த்தது. வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் போகாதீர்கள், கால் மணிக்கு ஒரு தடவை கழற்றிவிடுங்கள். எனக்கு ரெண்டு வாரத்தில் பழகிவிட்டது.

இதெல்லாம் எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். காரணமில்லாமல் யாருக்கும் கதிர்வீச்சு கொடுக்கக் கூடாது என்பதுதான் எங்கள் முதல் பாடம். அதனால் தோழியை மேஜையில் படுக்கவைத்து, மெஷினை ஆஃப் செய்துவிட்டுத்தான் பொசிஷனிங், அதாவது நோயாளியைச் சரியான நிலையில் வைப்பது, பழகுவோம். சரியா தப்பா என்பது மேடம் முகத்தைப் பார்த்தால்தான் தெரியும். படம் வராதே.

விஆரில் கற்பனை நோயாளியை எக்ஸ்ரே எடுத்தால் படம் வரும். என்னைப் படுத்தியது முழங்கால் லேட்டரல், பக்கவாட்டில் எடுக்கும் படம். காலை 20-30 டிகிரி மடக்கி, எக்ஸ்ரே ட்யூபைத் தலைப்பக்கமாக 5-7 டிகிரி சாய்த்து எடுத்தால், தொடை எலும்பின் கீழ்முனையில் குமிழ் மாதிரி இருக்கும் இரண்டு காண்டைல்களும் ஒன்றின்மேல் ஒன்று விழ வேண்டும். எனக்கு இரட்டைக் கோடாகவே வந்தது. சரி, எந்தப் பக்கம் திருப்புவது? உள்பக்கக் காண்டைலுக்கு மேலே அட்டக்டர் டியூபர்க்கிள் என்று ஒரு சின்ன மேடு இருக்கும், அதை வைத்து உள் எது, வெளி எது என்று கண்டுபிடிக்கலாம். பரீட்சைக்கு மனப்பாடம் செய்த வரிதான். பதினான்காவது படத்தில் அந்த மேடு என் கண்ணில் பட்டது. நிஜ ஆளிடம் பதினான்கு படம் எடுத்தால் என்ன ஆகும்!

சிதறல் கதிரையும் அதில்தான் பார்த்தேன். சி-ஆர்ம் (ஆபரேஷனின்போது நேரலையாகப் படம் காட்டும் எக்ஸ்ரே மெஷின்) ஓடும்போது நிறப்புகை மாதிரி காட்டும். அது கிளம்புவது நோயாளியின் உடம்பிலிருந்து. நான் நின்றதோ ட்யூப் பக்கம், அங்கேதான் அடர்த்தி அதிகம். ஒரு மீட்டரிலிருந்து ரெண்டு மீட்டருக்குத் தள்ளி நின்றால் கால்வாசியாகிவிடும் என்ற கணக்கை அதற்கப்புறம் என் கால் மறக்கவில்லை.

அப்புறம் ஆஸ்பத்திரி போஸ்டிங். முதல் கேஸ் செஸ்ட் பி.ஏ., முதுகுப் பக்கமிருந்து எடுக்கும் நெஞ்சு எக்ஸ்ரே. விஆரில் இதில் 96 வாங்கியவள் நான். ஐம்பது வயது மதிக்கத்தக்க அம்மா. 180 செ.மீ. தூரம், தாடை மேலே, கை இடுப்பில், தோள்பட்டை எலும்பு நுரையீரலை மறைக்காதபடி தோளை முன்னால் தள்ளியாயிற்று. படத்தைப் பார்த்தால் வலது நுரையீரல் உச்சியில் ஒரு நிழல்! டி.பி.யோ என்று எனக்குக் கை நடுங்கியது. சீனியர் டெக்னீஷியன் அண்ணன் எட்டிப் பார்த்தார்.

“ஜடைம்மா அது.”

நடுவில் தாலிச் சரட்டில் மாட்டியிருந்த மூன்று ஊக்குகளும் பளிச்சென்று விழுந்திருந்தன. விஆர் நோயாளிக்கு மொட்டைத் தலை, கழுத்தில் ஒன்றும் கிடையாது. இதற்கெல்லாம் அங்கே மதிப்பெண் குறையாது.

ரிப்பீட். அந்த அம்மாவுக்கு இன்னொரு டோஸ், என்னால். தாலியைக் கழற்றுங்கள் என்றதும் அவர் முகம் மாறிவிட்டது. “கழற்ற வேண்டாம்மா, பல்லுல கடிச்சுக்கோங்க” என்றார் அண்ணன். சரடு கழுத்துக்கு மேலே ஏறியது. ஜடையை நானே சுற்றி உச்சியில் கிளிப் போட்டேன், அதுவும் பிளாஸ்டிக் கிளிப். “மூச்சை நல்லா இழுத்து அப்படியே பிடிங்க” என்று பட்டனை அழுத்தினேன். படம் சுத்தமாக வந்தது. மானிட்டரையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

உள்ளேயிருந்து, தாலியைக் கடித்தபடியே குரல் வந்தது: “பாப்பா, மூச்சை விடலாமா?”