லயத்திலிருந்து 7 பேர்ச்சஸுக்கு: காணி விடுவிப்பு முதல் உறுதிப் பதிவு வரை

மலையகத்தில் தோட்டத் தொழிலாளர் குடும்பம் லயத்தின் வரிசை அறையை விட்டு 7 பேர்ச் காணியில் தனிவீடு கட்டுவது என்றதும் பேச்சு சீமெந்து விலையில்தான் தொடங்கும். தோட்டங்களின் வீடமைப்புக் குழுக்களோடு வேலை செய்யும் நாங்கள் கண்டது வேறு. வீடுகள் தடைப்படுவது பெரும்பாலும் காணியில். சுவரும் கூரையும் ஒரு வறண்ட பருவத்துக்குள் எழும்பிவிடும். காணி விடுவிக்கப்படாமல் அத்திவாரம் வெட்டிய இடத்தில், குடும்பம் குடியேறிப் பிள்ளைகள் வளர்ந்த பிறகும் காணி உறுதி (உரிமைப் பத்திரம்) கைக்கு வராது.

காரணம் காணியின் சொந்தக்காரர் யார் என்பதில் இருக்கிறது. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களோடு தோட்டங்கள் அரசுடைமையாகின. பிறகு ஜனவசம என்ற அரச தோட்ட அபிவிருத்திச் சபையும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் அவற்றை நடத்தின. 1992இல் நிர்வாகம் பிராந்தியக் கம்பெனிகளிடம் போனது. அவற்றின் நீண்டகாலக் குத்தகை 2045 வரை ஓடுகிறது. ஆக, நிலம் அரசாங்கத்துடையது, அனுபவிக்கும் உரிமை கம்பெனியுடையது. தோட்டத் துரை (முகாமையாளர்) நல்ல மனதோடு "அந்த மலையில் கட்டிக்கொள்ளுங்கள்" என்று கடிதம் தந்தாலும் அது உறுதி ஆகாது. குத்தகையிலிருந்து அந்த அளவு நிலத்தைக் கழித்து அரசு திரும்பப் பெற வேண்டும், அதன் பிறகுதான் தொழிலாளிக்கு மாற்ற முடியும்.

எனவே முதல் வேலை, உங்கள் தோட்டம் கம்பெனியின் கையில் இருக்கிறதா, ஜனவசமவோ கூட்டுத்தாபனமோ நேரடியாக நடத்துகிறதா என்று உறுதிசெய்வது. போகவேண்டிய கதவு அதைப் பொறுத்தே மாறும். விண்ணப்பக் கடிதத்தில் தோட்டத்தின் பெயர், டிவிஷன், தேயிலை மலையின் இலக்கம், கேட்கும் பரப்பு நான்கும் எழுத்தில் இருக்கட்டும். "கோயிலுக்கு மேலே உள்ள இடம்" என்று எழுதிய கடிதங்கள் மேசை மேசையாகச் சுற்றித் திரும்பி வரும், ஏனென்றால் அந்த விவரத்தை வைத்து யாராலும் வரைபடத்தில் கோடு போட முடியாது. தேயிலை நல்ல விளைச்சல் தரும் மலையைக் கேட்டால் கம்பெனி இழுத்தடிக்கும். செடி பழசாகி, கொழுந்து குறைந்து, பாதைக்குப் பக்கத்தில் உள்ள மலையைக் கேட்பது நடைமுறையில் விரைவாக முடிகிறது. ஆனால் கைவிடப்பட்ட மலை ஏன் கைவிடப்பட்டது என்றும் விசாரியுங்கள். சில இடங்கள் மண் இறங்குவதாலேயே விடப்பட்டவை.

பரப்பைக் குறைத்துக் கேட்பது அடிக்கடி நடக்கும் தவறு. ஒரு பேர்ச் 272.25 சதுர அடி, ஓர் ஏக்கருக்கு 160 பேர்ச். 7 பேர்ச் வீதம் பிரித்தால் கணக்குக்கு 22 துண்டுகள் வரும். உள்பாதை, கான் (வடிகால்), தண்ணீர்த் தாங்கி, கட்ட முடியாத செங்குத்து எல்லாம் கழிந்தால் மலைச் சரிவில் 15, 16 கிடைத்தாலே நல்லது. 50 குடும்பத்துக்கு 3 ஏக்கருக்கு மேல் கேளுங்கள். இரண்டரை ஏக்கர் கேட்டு, பிறகு பாதையைக் குறுக்கி, அம்புலன்ஸ் ஏற முடியாத குடியிருப்பாக்கிவிட வேண்டாம். 7 பேர்ச் என்பதே போதாது என்பது எங்கள் கருத்து. மரக்கறித் தோட்டத்துக்கும் பிள்ளைகளின் காலத்தில் ஓர் அறை நீட்டவும் அதில் இடமில்லை.

அடுத்தது தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கை. இதைச் சடங்காக எடுப்பவர்கள் கொஸ்லந்தை மீரியபெத்தையை நினைக்க வேண்டும். 2014 ஒக்டோபர் 29 காலையில் அங்கே லயங்களின் மேல் மலையே இறங்கியது. அந்த இடம் ஆபத்தானது என்று அதற்குப் பல வருடங்களுக்கு முன்பே அதிகாரிகள் எச்சரித்திருந்தார்கள். எச்சரிக்கை இருந்தது, மாறிப் போகக் காணி இருக்கவில்லை. அறிக்கை வரும்வரை துண்டு பிரிக்காதீர்கள். பெயருக்கு ஏற்கெனவே ஒதுக்கிய துண்டுகளில் நாலைந்து "கட்டக்கூடாது" என்று வந்தால், அந்தக் குடும்பங்களுக்கும் மற்றவர்களுக்கும் இடையில் மூளும் சண்டையைத் தீர்ப்பது மிகக் கடினம். அறிக்கை கையில் வந்த பிறகு நில அளவையாளர் துண்டு பிரித்து இலக்கமிடட்டும், அதன் பிறகு குடும்பங்கள் எல்லோர் முன்னிலையிலும் சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். பயனாளிகள் பட்டியலைத் தொழிலாளர் காலையில் வேலைக்குக் கூடும் பெரட்டுக்களத்திலும் பிள்ளைப் பராமரிப்பு நிலையத்திலும் ஒட்டி, ஆட்சேபம் சொல்ல நாள் கொடுங்கள். இதைச் செய்யாத இடத்தில் எந்தத் தொழிற்சங்கத்துக்கு எத்தனை வீடு என்ற பேச்சுதான் மிஞ்சும்.

இந்திய அரசின் நன்கொடை வீடமைப்புத் திட்டத்தில் மத்திய, ஊவா மாகாணங்களுக்கு முதலில் 4,000 வீடுகள் ஒதுக்கப்பட்டன. 2017 மே மாதம் நோர்வூட்டில் மேலும் 10,000 அறிவிக்கப்பட்டன. முதல் தொகுதி வீட்டின் அளவு 550 சதுர அடி. அந்த அளவை வைத்தே கணக்குச் சொல்கிறோம். 22க்கு 25 அடி வீட்டில் வெளிச்சுவரும் உட்சுவரும் சேர்ந்து சுமார் 150 அடி ஓடும். 15 அங்குல அகலம், இரண்டரை அடி ஆழம் என்றால் கருங்கல் அத்திவாரம் 4.7 கியூப் (ஒரு கியூப் 100 கன அடி) வரும், 5 கியூப் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுவர் 9 அடி உயரம், கதவு ஜன்னல் கழித்து 1,150 சதுர அடி. சாந்து இடைவெளியோடு 40 சென்ரிமீற்றர் நீளம், 20 சென்ரிமீற்றர் உயரம் பிடிக்கும் சீமெந்துக் கல் 1,340 வேண்டும். உடைவுக்குச் சேர்த்து 1,400 வாங்குங்கள்.

பொருள் விலையைவிட வலிப்பது தூக்குகூலி. லொறி நிற்கும் இடத்திலிருந்து மேட்டுத் துண்டுக்குக் கல்லும் மண்ணும் தலைச்சுமையாகப் போகிறது. ஒரே உதவித்தொகையில் பாதையோரத்து வீடு முடிய, மேட்டு வீடு கூரையில் நின்றுவிடும். உள்பாதையை முதலில் வெட்டி, கருங்கல் தூள் போட்டு இறுக்கிய பிறகே பொருள் இறக்குங்கள். மேட்டுக் குடும்பங்களுக்குத் தூக்குவதில் மற்றவர்கள் கைகொடுப்பதைத் தொடக்கத்திலேயே குழுவில் தீர்மானமாக எழுதிவையுங்கள். பணம் கட்டம் கட்டமாகத்தான் வரும். அத்திவாரம், சுவர், கூரை, பூச்சு ஒவ்வொன்றையும் தொழில்நுட்ப உத்தியோகத்தர் பார்த்து ஒப்பமிட வேண்டும். மேசனுக்கு முழுக் கூலியையும் முன்பணமாகக் கொடுத்துவிட்டால் அடுத்த கட்டம் நகராது.

மழைக்காலம் இடத்துக்கு இடம் மாறும். ஹட்டன், மஸ்கெலியா பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவம் நனைக்கும், அங்கே ஜனவரியில் அத்திவாரம் வெட்டி ஏப்ரலுக்குள் கூரை போட்டுவிட வேண்டும். பதுளை, ஊவா பக்கம் வடகீழ்ப் பருவம், அங்கே ஜூனில் தொடங்கலாம். ஒரே நாட்காட்டியை இரு பக்கமும் திணித்தால் வெட்டிய மண் சேறாகித் திரும்பக் குழிக்குள் விழும்.

சரிவில் வீட்டைக் கெடுப்பது தண்ணீர். வீடு முழுவதும் வெட்டிய தரையில் நிற்கட்டும். பாதி வெட்டு, பாதி நிரப்பு மண் என்று நின்றால் நிரப்பிய பக்கம் இறங்கிச் சுவர் மூலையிலிருந்து வெடிக்கும். பின்பக்க வெட்டு 6 அடி உயரம் என்றால் சுவருக்கும் அதற்கும் 6 அடி இடைவெளியாவது விடுங்கள், அறிக்கை கூடுதலாகச் சொன்னால் அதுவே கணக்கு. வெட்டுக்கு மேலே கான் வெட்டி மழைத்தண்ணீரைப் பக்கவாட்டில் திருப்புங்கள். தடுப்புச்சுவரில் 5 அடிக்கு ஒன்றாக 3 அங்குலக் குழாய் வைக்க மறக்க வேண்டாம். தண்ணீர் வெளியேற வழியில்லாத சுவர், எவ்வளவு தடிப்பாக இருந்தாலும் சாயும். மலசலகூடக் குழியைக் கீழ்வீட்டின் வெட்டுக்கு நேர் மேலே தோண்டக்கூடாது.

பணம் குறையும்போது வட்டிக்கு வாங்குவதற்கு முன் ஊழியர் சேமலாப நிதியைப் பாருங்கள். 10 வருடப் பங்களிப்பும் கணக்கில் 3 இலட்சம் ரூபாவுக்குக் குறையாத மீதியும் உள்ளவர், வீட்டுத் தேவைக்கு 30 சதவீதம் வரை எடுக்கலாம். தொழில் அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கணக்கில் பெயர் ஒரு விதமும் அடையாள அட்டையில் இன்னொரு விதமும் இருப்பதுதான் இங்கே பெரிய தடை. திருத்தத்தை வீடு தொடங்கும் முன்பே செய்துவிடுங்கள்.

உறுதி எழுதும் நாளில் அவசரப்படாதீர்கள். நில அளவை வரைபட இலக்கம், துண்டு இலக்கம், பேர்ச் அளவு மூன்றையும் தரையில் நட்ட எல்லைக்கல்லோடு ஒப்பிடுங்கள். கணவன், மனைவி இருவர் பெயரும் இருக்க வேண்டும் என்று வற்புறுத்துங்கள். கொழுந்து பறித்து அந்த வீட்டுக்கு உரிமை தேடித் தந்தவர் பெரும்பாலும் மனைவிதான், அவர் பெயர் இல்லாத உறுதியை நாங்கள் அரைகுறை உறுதி என்றே கருதுகிறோம். வீடு திறக்கும் விழாவில் கையில் தரப்படும் சான்றிதழ் வேறு, காணிப் பதிவகத்தில் பதிந்த உறுதி வேறு. பதிவு இலக்கத்தைக் குறித்துக்கொண்டு பிரதி எடுத்துவையுங்கள். பிறகு பிரதேச சபையில் வீட்டுக்கு இலக்கம் கேளுங்கள். பிரதேச சபைச் சட்டத்தின் 2018ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, தோட்டப் பகுதிக்குச் செலவிடச் சட்டம் இடம் தரவில்லை என்று சபை சொல்ல முடியாது. அந்த இலக்கம் வந்தால் கடிதம் தோட்டக் காரியாலயம் சுற்றாமல் உங்கள் வாசலுக்கு வரும்.

பழைய லயக் காம்பராவை ஒப்படைக்கச் சொல்வார்கள். திருமணமான மகன் அதில் இருந்தால், அவர் பெயரைத் தனிக் குடும்பமாக அடுத்த பட்டியலில் சேர்க்கும் கோரிக்கையை எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையிட்ட பிரதி வாங்கிய பிறகே சாவியைக் கொடுங்கள்.