வலது பக்கம் பாலாறு

எங்கள் வேலூர்ப் பள்ளியின் பழைய மாணவர் சங்க மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று சங்கச் செயலாளர் கேட்டபோது, பள்ளியைப் பற்றி எழுத என்னிடம் பெரிதாக ஒன்றும் இல்லையே என்றேன். மணி அடித்தால் போனோம், மணி அடித்தால் வந்தோம். வகுப்புத் தோழிகளுக்கு என்னைப் பற்றி நினைவிருந்தால் ஒன்றுதான் இருக்கும்: ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது கரிக்கட்டையாகக் கறுத்துப்போய், ஒரு பை கிளிஞ்சலோடு வந்து நிற்பவள். அந்தக் கிளிஞ்சல் வந்த கரையைப் பற்றியே எழுதிவிடுகிறேன்.

பெரியம்மாவைக் கல்பாக்கத்தை ஒட்டிய சதுரங்கப்பட்டினத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். முழுப் பரீட்சை முடிந்ததுமே அம்மா எங்களை இழுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். வேலூர் வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காஞ்சிபுரத்தில் பஸ் மாறி, செங்கல்பட்டில் மாறி, திருக்கழுக்குன்றம் வழியாகப் போக வேண்டும். ஆற்காட்டுக்கும் ராணிப்பேட்டைக்கும் நடுவிலுள்ள பாலத்தில் பாலாற்றை ஒரே ஒரு முறை கடப்போம். அதற்கப்புறம் கடல் வரைக்கும் ஆறு வலது பக்கத்திலேயே வரும். சில இடங்களில் கண்ணில் படும், பல இடங்களில் படாது. பட்ட இடத்திலும் மணல்தான். "இதுவும் நம்மகூட கடலுக்குத்தான் வருது" என்பார் அப்பா. தண்ணியே இல்லாமல் எப்படி வரும் என்று தம்பி கேட்பான். அப்பா பேப்பரை விரித்துக்கொள்வார்.

நந்தி மலைப் பக்கம் கிளம்பி, ஆந்திராவைக் கொஞ்சம் தொட்டுவிட்டு, மொத்தம் 348 கிலோமீட்டர் வந்து வாயலூர் அருகே கடலில் சேரும் ஆறு அது. அதில் 222 கிலோமீட்டர் தமிழ்நாட்டில். பூகோளப் பாடத்தில் இதைப் படித்தபோது, அந்தக் கடைசி ஊரைப் பார்த்தவள் வகுப்பில் நான் ஒருத்திதான் என்று எனக்குக் கொஞ்சம் திமிர் இருந்தது. கடல் நம் கோட்டை அகழியைவிடப் பெரிசா என்று கேட்ட தோழிகள் இதைப் படித்தால் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

வேலூரில் நாங்கள் தின்றதெல்லாம் ஏரி மீன். கெண்டை, கெளுத்தி, எப்போதாவது விரால். பெரியம்மா விடிந்ததும் எங்களைக் குப்பத்துக்குக் கூட்டிப் போவாள். கட்டுமரம் கரையேறும். மணலில் கொட்டிய மீனைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். பெரியம்மா சங்கராவை எடுத்துச் செவுளைத் தூக்கிப் பார்ப்பாள், கட்டை விரலால் வயிற்றை அமுக்குவாள். "என்னம்மா, செவுளு வெளுத்திருக்கே?" "ஏ யம்மா, இப்பதான் எறங்குச்சு, துள்ளுது பாரு!" அது துள்ளாது. இருந்தாலும் இரண்டு பேரும் விடமாட்டார்கள். கடைசியில் மேலே ஒரு பிடி காரப்பொடி மீனை வாங்கிக் கூடையில் போட்டுக்கொண்டால்தான் பெரியம்மாவுக்குத் திருப்தி.

அம்மாவும் வெறுங்கையோடு போகமாட்டாள். ஒரு பை நிறைய இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய். பெரியம்மா அதை நாலாகக் கீறிப் புளியில் வேகவிட்டு, வெந்நீரில் அலசித் தலை கிள்ளிய நெத்திலிக் கருவாட்டைக் கடைசியில் போடுவாள். முன்னாலேயே போட்டால் கரைந்து முள்தான் மிஞ்சும். 2023-இல் இலவம்பாடிக் கத்திரிக்காய்க்குப் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். பெரியம்மா இருந்திருந்தால், "இதைக் கண்டுபிடிக்க இத்தனை வருஷமா?" என்றிருப்பாள்.

சதுரங்கப்பட்டினத்திலும் ஒரு கோட்டை உண்டு. டச்சுக்காரர்கள் கட்டிய செங்கல் கோட்டை. நம்முடைய கருங்கல் கோட்டையைப் பார்த்த கண்ணுக்கு அது ஒன்றுமே இல்லை. உப்புக்காற்றில் செங்கல் அரித்து, தொட்டால் கையோடு வந்தது. உள்ளே டச்சு எழுத்து வெட்டிய கல்லறைகள். 1782 பிப்ரவரியில் இந்தக் கரைக்கு எதிரே பிரெஞ்சுக் கப்பல்களும் ஆங்கிலக் கப்பல்களும் மோதிக்கொண்டன. 1806 ஜூலை 10 விடியும் முன் நம் கோட்டையில் வெடித்த சிப்பாய்ப் புரட்சியை மணிக்கணக்கில் சொன்ன நம் வரலாற்று டீச்சர் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. பாடத்தில் இல்லை, அவர் என்ன செய்வார்.

கல்யாணமும் அதே கரைக்கே என்னைக் கொண்டுபோனது. கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் முதல் அலகு 1984-இல் வணிக உற்பத்தியைத் தொடங்கியது. அந்த வருஷங்களில் வேலைக்கு வந்தவர்களில் என் வீட்டுக்காரரும் ஒருவர். குடியிருப்புக் குழாயில் வந்தது பாலாற்றுப் படுகைக் கிணற்றுத் தண்ணீர். வேலூரில் குடித்த அதே ஆறு! மேலே லாரி லாரியாக மணலை அள்ளுகிறார்கள், தோல் கழிவை விடுகிறார்கள் என்று வேலூர்க்காரர்கள் பேசிக்கொள்வோமே, அதன் கணக்கு கீழே வந்து தீர்கிறது. ஆற்று நீர் இறங்கினால் கடல் உள்ளே ஏறும். பெரியம்மா வீட்டுக் கிணறு கொஞ்சம் கொஞ்சமாக உப்பானது. முதலில் டீ திரிந்தது, அப்புறம் துணிக்குச் சோப்பு நுரைக்கவில்லை, கடைசியில் மாட்டுக்குக்கூட ஆகவில்லை. பாலாறு செத்த ஆறு என்று சிரித்துக்கொண்டே சொல்கிறவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கடல் எங்கள் குடியிருப்புக்குள் வந்தது. எங்கள் வீடு உள்தெருவில் இருந்ததால் தப்பியது. கரையை ஒட்டியிருந்தவர்களில் தெரிந்த முகங்கள் சில போய்விட்டன. அதை விவரித்து எழுத எனக்கு மனமில்லை. ஓடிக்கொண்டிருந்த இரண்டாவது அலகைப் பத்திரமாக நிறுத்திவிட்டார்கள் என்று தெரிந்த பிறகுதான் என் வீட்டுக்காரர் உட்கார்ந்தார். பிறகு தம்பி வேலூரிலிருந்து ஒரு வேன் நிறையத் தண்ணீர் கேன்களோடு வந்து இறங்கினான். தெரு முழுக்க அதை ஊற்றிக் குடித்தது.

அதே தம்பி 2021 நவம்பரில் போன் செய்தான். பாலாறு இரு கரையும் தொட்டு ஓடுகிறதாம். "அக்கா, தண்ணி அனுப்பியிருக்கேன். வந்து சேர்ந்ததும் சொல்லு." வாயலூர்ப் பாலத்துக்குப் போனோம். ஊரே அங்கேதான் இருந்தது. தடுப்பணை மேல் செம்மண் நிறத்தில் வழிந்துகொண்டிருந்தது. ஆகாயத்தாமரை, தென்னை மட்டை, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி எல்லாம் மிதந்து வந்தன. சின்ன வயதில் நீ கேட்ட கேள்விக்கு ஒரு வழியாகப் பதில் கிடைத்ததா என்று தம்பியைக் கேட்டேன். "எந்தக் கேள்வி?" என்றான். மறந்தே போயிருக்கிறான்!

இப்போது மகளோடு பெர்த்தில் இருக்கிறேன். இங்கே கடல் மேற்கே. சூரியன் அதில் இறங்குவதைப் பார்க்கக் கூட்டிப் போகிறாள். அழகுதான், குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் கடல் என்றால் கிழக்கே இருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம்.

டிசம்பரில் ஊருக்குப் போகிறவர்கள் ஒரு நாளை ஒதுக்குங்கள். காஞ்சிபுரம் வழியாகவே போங்கள், வலது பக்க ஜன்னலில் உட்காருங்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம், மகாபலிபுரம் போகும் கூட்டம் முழுக்க அந்தப் பக்கம்தான் இருக்கும். கத்திரிக்காயை வேலூரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே கிடைப்பது வேறு ஜாதி.