ஓஜே 287-ஐ ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தபோது

பிளேசர் ஒன்றைப் பல அலைநீளங்களில் தொடர்ந்து கவனிக்கிறேன் என்று சொன்னால், எல்லோரும் முதலில் கேட்பது "எந்த டெலஸ்கோப்?" என்றுதான். ஓஜே 287-ஐச் சில ஆண்டுகள் துரத்தி, ரேடியோ முதல் காமா வரை எல்லாவற்றையும் ஒரே கால அச்சில் அடுக்கிப் பார்த்த பிறகு எனக்குத் தோன்றுவது வேறு. அதை எப்போதெல்லாம் பார்க்க முடியாது என்று முதலில் கேட்க வேண்டும், மீதியெல்லாம் அப்புறம்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: பிளேசர் என்பது ஒரு விண்மீன் மண்டலத்தின் நடுவில் இருக்கும் பெருங்கருந்துளை, ஒளிவேகத்தை நெருங்கும் தாரை ஒன்றைக் கிட்டத்தட்ட நம்மை நோக்கியே பீய்ச்சுவது. அதனால்தான் அவ்வளவு பிரகாசம், அவ்வளவு ஏற்ற இறக்கம். ஓஜே 287-இன் செம்பெயர்ச்சி (பிரபஞ்ச விரிவால் ஒளி சிவப்புப் பக்கம் நீளும் அளவு, தூரத்தின் அடையாளம்) 0.306. அது இருப்பது கடக ராசியில், சூரியனின் பாதைக்குப் பக்கத்திலேயே. தொல்லையே அங்கேதான். ஜூலை கடைசியில், ஆகஸ்ட் தொடக்கத்தில் சூரியன் ஏறக்குறைய அதன் மேலேயே வந்துவிடும். தரையிலிருந்து பார்ப்பவர்களுக்கு ஜூனில் அந்தி வெளிச்சத்தில் மறைந்தது செப்டம்பரில் விடியலுக்கு முன்தான் திரும்ப வரும். சரி, விண்வெளியில் இருக்கும் ஸ்விஃப்ட் தொலைநோக்கி பார்க்காதா என்றால், அதுவும் சூரியனுக்கு 46 பாகைக்குள் திரும்பாது. ஆக ஆண்டுக்கு ஏறத்தாழ மூன்று மாதம் ஆப்டிகல் (கண்ணுக்குத் தெரியும் ஒளி), புற ஊதா, எக்ஸ் கதிர் மூன்றும் ஒரே நேரத்தில் காலி.

ஆப்டிகல் பகுதி மட்டும் என் கையால் செய்தது. சிவப்புக்கான ஆர் ஃபில்டரில் தொடர்ந்து, நல்ல இரவாக இருந்தால் பி (நீலம்), வி (பச்சை-மஞ்சள்), ஐ (அகச்சிவப்பை ஒட்டியது) மூன்றிலும். பிளேசரை அதே படத்தில் இருக்கும் ஒப்பீட்டு நட்சத்திரங்களோடுதான் அளப்போம். இந்தப் புலத்தில் பலரும் எடுத்துக்கொள்வது 4, 10 என்று எண்ணிட்ட இரண்டை. லேசாக மேகம் கடந்தாலும் மூன்றும் சேர்ந்தே மங்கும் என்பதால் வித்தியாசம் பெரிதாகக் கெடாது. ஒரு பிப்ரவரி இரவில் படங்களை வரிசையாக அளந்துகொண்டே போனேன். 4-க்கும் 10-க்கும் உள்ள வித்தியாசம் அளவுப் பிழைக்குள் ஒரே நேர்கோடு, பிளேசர் மட்டும் சில மணி நேரத்தில் மெல்ல இறங்கிக்கொண்டே வந்தது. அந்த நேர்கோடு இல்லாமல் ஒருவர் "ஒரே இரவில் மாறுகிறது" என்று படம் காட்டினால் நான் நம்ப மாட்டேன், நீங்களும் நம்பாதீர்கள். அப்புறம், நிலவு. சூரியன் பாதைக்குப் பக்கத்தில் இருக்கும் எதற்கும் மாதம் ஒருமுறை நிலா விருந்தாளி உண்டு, அந்தச் சில இரவுகளில் வானப் பின்னணி ஏறிவிடும்.

ஸ்விஃப்ட் தரவு எடுத்த உடனேயே பொதுவில் வந்துவிடுகிறது, அதற்கு எத்தனை நன்றி சொன்னாலும் தகும். ஒரே சமயத்தில் எக்ஸ் கதிரும் ஆறு ஃபில்டரில் ஆப்டிகல்-புற ஊதாவும் கிடைக்கும். இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். பிளேசர் வெடித்துப் பிரகாசமாக இருக்கும்போது எக்ஸ் கதிர் டிடெக்டரில் இரண்டு ஃபோட்டான்கள் ஒன்றாகப் பதிவாகும். ஃபோட்டான் எண்ணும் முறையில் விநாடிக்கு சுமார் 0.5 எண்ணிக்கையைத் தாண்டினாலே நடுவைத் துளைபோட்டு ஒதுக்கிவிட்டு வளையத்தில்தான் எண்ண வேண்டும். இன்னொன்று, நம் பால்வீதியின் தூசித் திருத்தம். புற ஊதாவில்தான் அது அதிகம், ஆகவே அங்கே அசட்டையாக இருந்தால் ஸ்பெக்ட்ரத்தின் சாய்வே மாறிப்போகும்.

இவ்வளவு அலைநீளம் எதற்கு என்று அலுப்பாக இருந்தபோது பதில் சொன்னது 2016-17 தரவு. பிளேசரின் ஸ்பெக்ட்ரத்தில் இரண்டு மேடுகள் இருக்கும். முதல் மேடு காந்தப்புலத்தில் சுழலும் எலக்ட்ரான்களின் சின்க்ரோட்ரான் ஒளி. இரண்டாவது, அதே எலக்ட்ரான்கள் ஒளித்துகள்களை மோதி மேலே தள்ளுவது என்று பெரும்பாலும் விளக்குவார்கள். ஓஜே 287-இல் சாதாரண நாட்களில் எக்ஸ் கதிர் பெரும்பாலும் இரண்டாவது மேட்டின் அடிவாரம். அந்தப் பருவத்திலோ முதல் மேட்டின் வால் எக்ஸ் கதிர் வரை நீண்டது. பிரகாசம் கூடக் கூட ஸ்பெக்ட்ரம் மென்மையானது, அதாவது குறைந்த ஆற்றல் எக்ஸ் கதிரின் பங்கு கூடியது. எக்ஸ் கதிர் அளவு மட்டும் வைத்திருந்தால் "ஏறியது" என்று மட்டும்தான் எழுதியிருப்போம். எது ஏறியது என்று சொல்ல ஆப்டிகலும் புற ஊதாவும் பக்கத்திலேயே இருக்க வேண்டியிருந்தது.

காமா கதிருக்கு ஃபெர்மி விண்வெளித் தொலைநோக்கி. 2008-இல் ஏவப்பட்டது, ஏறக்குறைய மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மொத்த வானத்தையும் சுற்றிப் பார்த்தது. 2018 மார்ச்சில் சூரியத் தகடு ஒன்றின் சுழற்சி பழுதான பிறகு அந்தச் சீரான ஓட்டம் மாறிவிட்டது, ஆகவே அதற்கு முன், பின் என்று பிரித்துப் பார்ப்பது நல்லது. ஓஜே 287 காமாவில் பெரும்பாலும் மங்கல். நாளுக்கு ஒரு புள்ளி என்று ஆசைப்பட்டால் வரிசையாக மேல்வரம்பு அம்புக்குறிகள்தான் ("இதைவிடக் குறைவு" என்று மட்டும் சொல்பவை) கிடைக்கும், வாரம் அல்லது மாதம் என்று சேர்த்தால்தான் உருவம் தெரியும். சூரியன் மறைக்கும் மாதங்களிலும் ஃபெர்மி பார்க்கிறதே என்று சந்தோஷப்படலாம், ஆனால் சூரியனே காமா கதிர் வீசுகிறது, மிக நெருங்கும் நாட்களை வெட்டியெடுத்துவிட வேண்டும்.

நேரம் பற்றி ஒரு வார்த்தை. ஸ்விஃப்டும் ஃபெர்மியும் 2001 ஜனவரி 1-இலிருந்து விநாடிகளாக எண்ணுகின்றன, ஆப்டிகல்காரர்கள் ஜூலியன் நாளில் (வானியலாளர்களின் தொடர் நாள் எண்ணிக்கை) எழுதுவார்கள், ரேடியோ பட்டியல்கள் திருத்திய ஜூலியன் நாளில் வரும். கடைசி இரண்டுக்கும் நடுவில் அரை நாள் ஒளிந்திருக்கிறது. எல்லாவற்றையும் ஒன்றுக்கு மாற்றிய பிறகே படம் வரையத் தொடங்கினேன்.

அடுக்கி முடித்ததும் யாருக்கும் கை பரபரக்கும்: எது முன்னால், எது பின்னால்? ரேடியோ பொதுவாகப் பிந்தி வரும், தாரையின் அடிப்பகுதி அந்த அலைநீளங்களுக்கு ஒளிபுகாதது, வெடிப்பு வெளியே நகர்ந்து வந்தால்தான் தெரியும். இந்த முன்பின் தாமதத்தைக் கணக்கிட எடெல்சனும் க்ரோலிக்கும் 1988-இல் கொடுத்த முறையை எடுத்தேன், சீரற்ற புள்ளிகளுக்கென்றே வந்தது, இடைவெளியைக் கற்பனைக் கோட்டால் நிரப்பத் தேவையில்லை. ஆனால் ஓராண்டை ஒட்டி ஒரு உச்சி எட்டிப்பார்த்தால் அது பிளேசரின் வேலை அல்ல, ஆண்டுதோறும் சூரியன் மறைக்கும் இடைவெளியின் வேலை. அதற்கும் மேலே, இந்த வகை ஏற்ற இறக்கம் இயல்பாகவே நீண்ட அலைகளாகத் தெரியும் சிவப்பு இரைச்சல். அதே குணமுள்ள பொய் ஒளிவளைவுகளை ஆயிரக்கணக்கில் உருவாக்கி, அதே தேதிகளில் வெட்டி ஒப்பிடாமல் யாராவது காலச்சுழற்சி கண்டேன் என்றால் எனக்குச் சிரிப்புதான் வரும். முனைவாக்கத்திலும் (ஒளி அலை எந்தத் திசையில் அதிர்கிறது என்ற அளவு) இதே கதை. கோணம் 10 பாகையும் 190 பாகையும் ஒன்றே, நடுவில் சில வாரம் விட்டுப்போனால் அந்தக் கோணம் எந்தப் பக்கம் சுழன்றது என்று சொல்லவே முடியாது.

ஓஜே 287-இல் இந்த இடைவெளி வெறும் எரிச்சல் அல்ல. 19-ஆம் நூற்றாண்டுக் கடைசியிலிருந்தே இதன் பழைய படத்தகடுகள் உண்டு, அவற்றில் சுமார் 12 ஆண்டுக்கு ஒருமுறை வெடிப்பு தெரிகிறது என்று சொல்லி, ஒன்றையொன்று சுற்றும் இரட்டைக் கருந்துளை மாதிரியை 1988-இல் சில்லன்பாவும் அவர் குழுவும் முன்வைத்தார்கள். அந்த மாதிரி சொன்ன ஒரு வெடிப்பு 2019 ஜூலை 31-இல் வந்தது. பூமியிலிருந்து பார்க்க வழியில்லை, சூரியனைச் சுற்றும் பாதையில் நம்மைவிட்டு வெகுதூரம் போயிருந்த ஸ்பிட்சர் விண்வெளித் தொலைநோக்கிதான் அகச்சிவப்பில் பிடித்தது. 2022 அக்டோபரில் எதிர்பார்க்கப்பட்ட வெடிப்பு வரவில்லை என்று வானியலாளர் கொமோசாவின் குழு தொடர் கண்காணிப்பிலிருந்து காட்டியது. இரட்டைக் கருந்துளை மாதிரியை ஆதரிக்கும் வால்டோனென் தரப்பு, அது கோடையிலேயே, பார்க்க முடியாத நாட்களில் நடந்திருக்கும் என்கிறது. பெரிய கருந்துளையின் நிறை வால்டோனென் தரப்பின் கணக்கில் 1800 கோடி சூரியன், கொமோசாவின் கணக்கில் சுமார் 10 கோடி. என்னைக் கேட்டால் கொமோசா பக்கம்தான் சாய்வேன், ஆனால் அந்தக் கோடையின் ஆப்டிகல் புள்ளிகள் என்னிடமும் இல்லை.

அதனால் இப்போது என் திட்டம் இடைவெளியின் இரு கரைகளைச் சுற்றியே. மே கடைசியிலும் செப்டம்பரிலும் மற்ற மாதங்களைவிட அடிக்கடி அளக்கிறேன். அப்போது அது தொடுவானத்தை ஒட்டியே இருக்கும், காற்றைத் தாண்டி நீலம் சரியாக வராது. பி ஃபில்டரை விட்டுவிட்டு ஆர், ஐ இரண்டில் மட்டும் குறுகிய படங்களாக நிறைய எடுத்துச் சேர்த்தால் அந்தி வெளிச்சத்துக்குள்ளும் இன்னும் சில இரவுகளைப் பிடித்துவிடலாம்.